கொடிமரத்தடியில் வாங்கிய தட்டு

1974 ஜூன் 10, திங்கட்கிழமை, காலை ஐந்தே கால் மணி. நீ காலேஜில் சேர்ந்தே ஆக வேண்டும் என்று நேற்று மாலை வரை நம் வீட்டுப் படியேறி வந்து சொன்னவர்கள் பதினோரு பேர். வேண்டாம் என்று சொன்னவன் நீ ஒருவன். நான் இன்னும் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வியாழக்கிழமையோடு காலேஜில் விண்ணப்பம் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள் என்பதால், இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு வசதியில்லை.

ஏகாம்பரம், நேரில் பேசினால் இரண்டாவது வாக்கியத்தில் நான் கத்துவேன், மூன்றாவதில் நீ செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போவாய். உனக்குப் பதினெட்டு, எனக்கு முப்பத்தொன்பது. இரண்டு பேருக்கும் பொறுமை இருக்கிற வயது இல்லை. அதனால் எழுதுகிறேன். இதை மடித்து ஒளித்து வைக்கப் போவதில்லை. கூடத்து மேஜை மேல் திறந்தே வைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன். அம்மா படிக்கட்டும். உன் தாய்மாமா வந்தால் அவரும் படிக்கட்டும். அவரைப் பற்றியும் இதில் இருக்கிறது, அவருக்குப் பிடிக்காது, பரவாயில்லை. தெருவில் உன் வயதுப் பையனை வைத்துக்கொண்டு முழிக்கிற அப்பன் எவனாவது வந்து படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

என் புத்தி எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பட்டு நெசவாளர் சொசைட்டிக்கு வருகிற ஜரிகையைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. அதற்காகத்தான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு இரண்டு வருடம் வெளியூரில் பயிற்சி எடுத்துவிட்டு வந்தேன். கட்டுக் கட்டாக ஜரிகை வரும். மேலே பார்த்தால் எல்லாம் ஒரே மினுமினுப்பு. வியாபாரி சிரித்துக்கொண்டே நிற்பார். நான் அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன். கட்டின் மேல்பக்கத்தை விட்டுவிட்டு உள்ளே இருந்து ஒரு துண்டை வெட்டி எடுப்பேன், எடை பார்ப்பேன், ஆசிட்டில் போட்டுக் கரைப்பேன், உப்புத் தண்ணீர் விட்டு அதில் எவ்வளவு வெள்ளி இருக்கிறது என்று கணக்குப் போடுவேன். குறைந்தால் கையெழுத்துப் போட மாட்டேன். பல வருடமாக இதையே செய்கிறவனுக்கு வீட்டிலும் அதே புத்திதான் வரும். யாராவது நமக்கு நல்லது சொன்னால், உள்ளே இருந்து ஒரு துண்டை வெட்டி எடுக்கத்தான் என் கை போகும். இது நல்ல குணம் என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது என்று சொல்கிறேன்.

போன மாதம் வியாபாரி தணிகாசலத்தின் சரக்கு ஒன்றைத் திருப்பி அனுப்பினேன். வெள்ளி குறைவு. அவர் சண்டை போடவில்லை. "ஏதோ தப்பு நடந்து போச்சு சார், வேற அனுப்பறேன்" என்று வணக்கம் வைத்துவிட்டுப் போனார். சண்டை போடாததுதான் எனக்கு உறுத்தியது. சரக்கைத் திருப்பினால் கத்துகிறவன்தான் சாதாரண வியாபாரி.

அப்புறம் நடந்தது உனக்குப் பாதி தெரியும், மீதியைக் கேள். ஒரு நாள் சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்தபோது மாமா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். எதிரே வெள்ளித் தட்டு. வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், நல்ல சட்டைத் துணி ஒன்று. மாமா முகத்தில் அவர் பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைத்த மாதிரி ஒரு களை. தணிகாசலம் உன்னை மெட்ராஸில் பெரிய காலேஜில் சேர்த்துவிடுகிறாராம். சீட்டு, ஹாஸ்டல், புத்தகம் எல்லாம் அவர் பொறுப்பாம். அன்று காலையில் கச்சபேஸ்வரர் கோயிலில் வைத்து மாமாவிடம் தட்டைக் கொடுத்துவிட்டாராம்.

"யாரைக் கேட்டு வாங்கினீங்க மச்சான்?" என்றேன்.

"கொடிமரத்தாண்ட நின்னுக்கினு நீட்டுறாரு மாப்ளே. சாமிக்கு எதிர்ல வாணாம்னு சொல்ல முடியுமா? நான் தாய்மாமன் இல்லையா? முதல் தட்டு நான்தானே வாங்கணும்."

இதில்தான் அந்த ஆளின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. நம் வீடுகளில் காது குத்தலோ கல்யாணமோ, பிள்ளைக்கு எந்த நல்ல காரியம் என்றாலும் முதல் தட்டை வாங்குகிறவர் தாய்மாமன். வாங்கிவிட்டால் பேச்சு முடிந்தது, பெற்றவனே வந்தாலும் மாற்ற முடியாது. என்னிடம் நீட்டியிருந்தால் அந்த இடத்திலேயே பதில் சொல்லியிருப்பேன். வீட்டுக்கு வந்திருந்தால் வாசலிலேயே நிறுத்தியிருப்பேன். சோதனை பார்க்கிறவன் வீட்டில் வியாபாரி ஒரு வாய் காபி குடித்தால்கூடத் தப்பு. அது அவருக்குத் தெரியும். அதனால்தான் என்னைச் சுற்றிக்கொண்டு போய், மறுக்கவே முடியாத ஓர் ஆளிடம், மறுக்கவே முடியாத ஓர் இடத்தில் நீட்டியிருக்கிறார். மாமா ஏமாந்தார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் முறையைச் செய்தார். அந்த முறையை வேறொருத்தர் தூண்டிலில் மாட்டிவிட்டார்.

நான் மாமாவைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கும்போதே அடுப்பங்கரையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "ஏங்க, தட்டுல இருந்த தேங்காய மத்தியானமே துவையலுக்கு ஒடச்சிட்டேனே" என்றாள். அப்படியே தட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிடலாம் என்று நான் நினைத்தது அந்த இடத்தில் நின்றது.

நீ அப்போதுதான் உள்ளே வந்தாய். கையெல்லாம் கிரீஸ். யார் தட்டு என்று கேட்டாய், மாமா பெருமையாகச் சொன்னார். நீ தட்டைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், போய்க் கை கழுவிக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தாய். பாதிச் சாப்பாட்டில், சோற்றைப் பார்த்துக்கொண்டே, "நான் காலேஜ் போவல" என்றாய். ஏன் என்று மாமா கேட்டார். "பிடிக்கல மாமா" என்றாய். அவ்வளவுதான்.

இங்கேதான் எனக்குச் சந்தேகம். அதற்கு நான்கு நாள் முன்னால் நீயே என்னிடம் வந்து, கணக்குப் பிரிவு எடுப்பதா, விஞ்ஞானப் பிரிவு எடுப்பதா என்று கேட்டாய். பிடிக்காதவன் அதைக் கேட்க மாட்டான். நான்கு நாளில் என்ன பிடிக்காமல் போனது?

அன்றிலிருந்துதான் வீட்டுக்குள் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொருத்தர் பேச்சையும் நான் எப்படிக் கேட்டேன் என்பதைச் சொன்னால் உனக்குச் சிரிப்பு வரும். பக்கத்து வீட்டுக்காரர் தன் பையன் பி.எஸ்ஸி. படிப்பதைச் சொல்லி உன்னையும் சேர்க்கச் சொன்னார். அந்தப் பையன் முதல் வருடப் பரீட்சையில் தோற்ற கதை எனக்குத் தெரியும், துணைக்கு ஆள் தேடுகிறார் என்று நினைத்தேன். கட்சிக்காரர் ஒருத்தர் வந்து, நம் சனத்தில் ஒரு பட்டதாரி வேண்டாமா என்று மேடையில் பேசுகிற மாதிரி பேசினார். அடுத்த கூட்டத்துக்கு மைக் முன்னால் நிறுத்த ஆள் வேண்டும் போல. உன் பழைய வாத்தியார் வந்தார். அவர் பேச்சில் மட்டும் நான் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. "பையன் கணக்கு நல்லா போடறான், வீணாக்காதீங்க" என்றார், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார், போய்விட்டார். மற்றவர்களில் பாதிப் பேருக்கு உன்னைப் பற்றிக் கவலையே இல்லை. நீ சேராவிட்டால் நாளைக்குத் தங்கள் பிள்ளையும் உன்னைக் காட்டி வேண்டாம் என்பானே என்ற பயம். எதிர்வீட்டுக் கோவிந்தம்மா மட்டும் வெளிப்படையாகக் கேட்டுவிட்டாள். "டிகிரி இல்லாத மாப்பிள்ளைக்கு இப்பலாம் யாரு பொண்ணு குடுக்கறாங்க? தறிக்காரன் வீட்டுலயே கேக்கறாங்கபா, பையன் இன்னா படிச்சிக்கினு இருக்கான்னு." வாத்தியாரை விட்டால், பதினோரு பேரில் அவள் ஒருத்திதான் தன் மனசில் இருப்பதைச் சொன்னாள் என்று தோன்றியது.

அவர்களைச் சந்தேகப்பட்டவன் உன்னை விட்டுவிடுவேனா? ஞாயிற்றுக்கிழமைகளில்கூட வாலாஜாபாத்தில் பாஷா பாய் மோட்டார் ரிப்பேர் கடைக்குப் போகிறேன் என்பாய். சினிமாவோ, கட்சியோ, எவளாவது பெண்ணோ என்று நினைத்தேன். ஜூன் இரண்டாம் தேதி, நீ போனதற்கு அடுத்த பஸ்ஸில் நானும் ஏறினேன். ஆமாம், உன் பின்னால் வேவு பார்க்க வந்தேன். எனக்கு அதில் வெட்கமில்லை. கடையில் விசாரித்தால், பாயும் நீயும் சைக்கிளில் ஐயம்பேட்டைப் பக்கம் ஒரு கிணற்றுக்குப் போயிருக்கிறீர்கள் என்றார்கள். திரும்ப பஸ் பிடித்து இறங்கி, கேட்டுக் கேட்டு வரப்பில் நடந்து வந்தேன். கிணற்றுக்குப் பக்கத்தில் நிலத்துக்காரர் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டையும் பாக்கெட்டில் பேனாவுமாக என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"இன்னாபா, கரண்டு ஆபீசா? மீட்டர்லாம் சரியாதான் ஓடுது" என்றார்.

ஊரையே சந்தேகப்படுகிறவனை ஒருத்தர் சந்தேகப்பட்டார். சும்மா நிலம் பார்க்க வந்தேன் என்றேன். அவர் நம்பவில்லை. மீட்டர் பெட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். அந்த நேரத்தில்தான் கிணற்றுக்குள்ளிருந்து உன் குரல் வந்தது.

"பாய், மோட்டாருல ஒண்ணுமில்ல. அடி வால்வுல இலை மாட்டிக்கினு இருக்குது. தண்ணி நிக்காம எறங்கிடுது."

"இலைக்கு இன்னாடா கூலி கேக்கறது?"

"இலைக்கு இளநிதான் கேக்கணும்."

இரண்டு பேரும் சிரித்தீர்கள். கிணற்றுச் சுவரில் பட்டு அந்தச் சிரிப்பு மேலே வந்தது. நிலத்துக்காரரும் சிரித்துவிட்டார். உன்னை எட்டிக்கூடப் பார்க்காமல் நான் திரும்பி வந்துவிட்டேன். நம் வீட்டில் நீ அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாகிறது என்று பஸ்ஸில் யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். சிரிப்பைப் பார்த்துத் தொழிலைத் தீர்மானிக்க முடியாது. பாஷா பாய் நல்ல மனிதர், மோட்டார் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்வார். ஏன் அந்தக் கோளாறு வந்தது என்று கேட்டால், "அதுக்கு ஆயுசு அவ்ளோதான்" என்பார். அந்தப் பதில் உனக்குப் போதுமா? இன்றைக்குப் போதும். இருபத்தெட்டு வயதில் போதாது என்று நினைக்கிறேன். அதே சமயம் காலேஜுக்குப் போனால் எல்லாம் தெரிந்துவிடும் என்றும் நான் பொய் சொல்ல மாட்டேன். பட்டம் வாங்கிவிட்டு, போஸ்ட்மேன் வருகிற நேரத்துக்குத் தெருமுனையில் போய் நிற்கிற பையன்களை நீயும் பார்க்கிறாய். என் கதையையும் வைத்துக்கொள். பயிற்சியை வைத்து வேலை கிடைத்தது, மரியாதையும் கிடைத்தது. மேலே ஒரு நாற்காலி இருக்கிறது, பட்டம் இல்லாததால் அது எனக்கு எந்தக் காலத்திலும் வராது. சில நாள் அது உறுத்தும், பல நாள் உறுத்தாது. இரண்டு பக்கமும் இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இப்போது நேற்றைக்கு வருகிறேன். ஞாயிறு காலை கடைத்தெருவில் ஒரு தேங்காய் வாங்கினேன், புது வெற்றிலை, பழம் வாங்கினேன், சட்டைத் துணியை மடிப்புக் கலையாமல் வைத்து, அதே வெள்ளித் தட்டில் தணிகாசலம் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். மாமாவைக் கூப்பிட்டேன், அவர் வரவில்லை. வாங்கின தட்டைத் திருப்புகிறவன் குடும்பம் விளங்காது என்று சொல்லி அழாத குறையாகக் கெஞ்சினார். அவரை விட்டுவிட்டேன். தணிகாசலம் தட்டைப் பார்த்ததும் எழுந்துகூட நிற்கவில்லை.

"ஒரு தட்டுக்கு இவ்ளோ ரோசமா சார்? நான் என் சரக்கைப் பத்தி ஒரு வார்த்தை பேசினேனா?"

"பேசாததுக்குத்தான் தட்டு" என்றேன்.

அவர் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார். அப்புறம் சொன்னதுதான் நான் இந்தக் கடிதம் எழுதக் காரணம். "இதுக்கு நீங்க வந்திருக்கவே தேவையில்ல. உங்க புள்ள புதன்கிழமையே வந்து நின்னுக்கினு, 'நான் காலேஜ் போவலீங்க, அதனால தட்டுக்கு வேலையில்ல, எங்கப்பாவ இதுல இழுக்காதீங்க'ன்னு சொல்லிட்டுப் போயிட்டான். அவன்கிட்ட கேக்காமலா வந்தீங்க?"

கேட்கவில்லை. நான் உன்னிடம் எதையுமே கேட்கவில்லை. பஸ்ஸில் ஏறி வேவு பார்த்தவனுக்கு, கூடத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வருவதற்குள் என் கோபம் மூன்று ஆள் மாறியது. முதலில் அந்த மனிதர் மேல், அப்புறம் மாமா மேல், தெருவுக்குள் நுழையும்போது உன் மேல். அதற்குள் வழக்கமான சந்தேகமும் வந்தது: அவர் பொய் சொல்லியிருந்தால்? அம்மாவிடம் விசாரித்தேன். "புதன்கிழம சட்டைய அவசரமா தேச்சிப் போட்டுக்கினு எங்கியோ போனான். எங்கடான்னேன், சொல்லல" என்றாள். ஆக, உண்மை.

இப்போது என் கணக்கைக் கேள். தட்டு வருவதற்கு முன்னால் நீ எந்தப் பிரிவு எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தாய். தட்டு வந்த அன்றே வேண்டாம் என்றாய். தட்டு கொடுத்தவரிடம் போய், நான் படிக்கவில்லை, அதனால் தட்டுக்கு வேலையில்லை என்றாய். அதாவது என் கையெழுத்தைக் காப்பாற்ற உன் படிப்பை எடுத்து நடுவில் வைத்தாய். வாங்கினவர் மாமா, திருப்ப முடியாது, ஆனால் படிக்கிறவனே இல்லை என்றால் உதவியும் இல்லை, நன்றியும் இல்லை. கெட்டிக்காரத்தனமான வழிதான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் செய்தாயே, அது எனக்குப் பிடிக்கவில்லை. செய்தது பிடிக்கவில்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை.

ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து வந்த அந்தச் சிரிப்பும் பொய்யில்லை. அங்கேதான் எனக்குத் தெளிவில்லை. உன் 'வேண்டாம்' என்பதில் எனக்காகச் சொன்னது எவ்வளவு, உனக்காகச் சொன்னது எவ்வளவு? ஒருவேளை உனக்கே தெரியாமல் இருக்கலாம். நல்ல காரியத்துக்காக ஒன்றை விடும்போது, அது நமக்கு முதலிலிருந்தே பிடிக்காத மாதிரி தோன்றிவிடும். அப்படித் தோன்றினால் வலி குறைவு. பிற்பாடு ஒரு நாள் அது தெளியும்போது பக்கத்தில் அப்பன் இருப்பான், அவனைத் திட்டலாம் என்றால் அவனுக்கு வயதாகியிருக்கும். எனக்கு அது வேண்டாம். எனக்காக நீ படிப்பை விட்டால், அதுவும் நீ எனக்கு நீட்டுகிற தட்டுதான். நான் வாங்கிக்கொள்ள மாட்டேன்.

இதை மட்டும் புரிந்துகொள். தணிகாசலம் இப்போது இதில் இல்லை. தட்டு அவர் வீட்டில் இருக்கிறது. மெட்ராஸ் சீட்டும் அவரோடு போயிற்று, அதற்கு வருத்தமில்லை. உன் மார்க்குக்கு நம்மூர்க் காலேஜிலேயே யார் சிபாரிசும் இல்லாமல் இடம் கிடைக்கும் என்று உன் வாத்தியார் வீட்டுக்குப் போய் விசாரித்துவிட்டேன். சம்பளம் கட்ட என்னால் முடியும், கணக்குப் பார்த்தாயிற்று, அதைப் பற்றி நீ யோசிக்க வேண்டாம். பாஷா பாய் கடையும் வியாழக்கிழமைக்கு அப்புறம் எங்கும் போய்விடாது. இரண்டு வழியும் இப்போது சுத்தமாக இருக்கிறது. எதில் போனாலும் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை, யாரையும் காப்பாற்ற வேண்டியதில்லை. பழைய பதிலை மறந்துவிட்டு முதலிலிருந்து யோசி. நான் என்ன நினைக்கிறேன் என்று என் முகத்தைப் பார்க்காதே. எனக்கே தெரியவில்லை என்பதுதான் நிஜம்.

மணி ஆறேமுக்கால் ஆகிவிட்டது. குளிக்க வேண்டும். இனி நான் செய்யப்போவது இவ்வளவுதான்:

1. இன்றைக்கு சொசைட்டியில் நடந்ததைச் சொல்லி, அந்த வியாபாரியின் சரக்கை இனி இன்னொருவர் பக்கத்தில் இருக்கும்போதுதான் சோதிப்பேன் என்று எழுதிக் கொடுத்துவிடுவேன்.

2. வரும் வழியில் காலேஜில் ஒரு விண்ணப்பம் வாங்கி வருவேன். அதில் உன் பெயரை நான் எழுத மாட்டேன்.

3. சாயங்காலம் மாமா வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவேன். திட்ட மாட்டேன். முயற்சி செய்கிறேன்.

4. அடுத்து யார் வந்து புத்தி சொன்னாலும், பையன் யோசித்துக்கொண்டிருக்கிறான் என்று வாசலிலேயே சொல்லி அனுப்புவேன்.

5. வியாழக்கிழமை காலை வரை உன்னிடம் இதைப் பற்றிப் பேச மாட்டேன், பின்னால் வர மாட்டேன், அம்மாவை விட்டுக் கேட்கவும் மாட்டேன்.

6. வியாழக்கிழமை நீ பதில் சொன்னதும், அது எனக்காகச் சொன்னதா என்று ஒரே ஒரு தடவை கேட்பேன். இல்லை என்று நீ சொன்னால், நம்பிவிடுவேன்.